மாமா வீட்டு குரூப்

அப்பா போனபிறகு, ஆளாளுக்குப் போனில் வைத்திருந்த போட்டோ, வீடியோவையெல்லாம் தம்பி வாங்கி, கடலூர் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றில் ஏற்றினான். அதுதான் சர்வராம். போனில் ஒரு ஆப் போட்டுக்கொண்டால் எங்கிருந்தும் பார்க்கலாம். சிதம்பரத்தில் குழம்பு கொதிக்கும்போதே, அப்பா தேவனாம்பட்டினம் மணலில் நின்று என்னைத் திட்டுவதைக் கேட்பேன். அந்தக் குரல் எனக்கு வேறெங்கே கிடைக்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் ஃபோல்டரைத் தொட்டால், ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்கிறது. யாருக்கு, எனக்கா?

எனக்கு உடனே பொறி தட்டியது. கடலூர் வீட்டைத் தன் பேருக்கு மாற்றுவது பற்றித் தம்பி கேட்டிருந்தான். பார்க்கலாம் என்றுதான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்கா இது? கணவர் நெட் ஸ்லோவாக இருக்கும் என்றார். அவர் போனில் அதே ஆப்பில் தம்பி மகள் காதுகுத்து வீடியோ ஜம்மென்று ஓடியது. நெட்டாம் நெட்டு! தம்பி போனை எடுக்கவேயில்லை. விடுவேனா, பஸ் ஏறிவிட்டேன்.

தம்பி பொண்டாட்டி சிரித்தபடி காபி கொடுத்தாள். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

“அப்பாவ ஏண்டா எங்கிட்டேர்ந்து பூட்டி வச்ச?”

தம்பி திருதிருவென்று முழித்தான். லேப்டாப்பைத் திறந்து காட்டினான். ‘நம்ம வீடு’ என்று ஒரு குரூப். காதுகுத்து வீடியோவுக்காகப் புதிதாக ‘மாமா வீடு’ என்று இன்னொன்று. அதில் அவனுடைய மாமாவான என் கணவர், என் மாமியார், நாத்தனார், கடைசியில் நான். ஆஸ்பத்திரியில் எடுத்ததெல்லாம் இருக்கிறதே, வெளியாட்கள் பார்க்க வேண்டாமே என்று, அப்பாவின் ஃபோல்டரை மட்டும் அந்த குரூப்புக்குத் தடுத்திருந்தான்.

“நீ மாமா வீடுதானேக்கா?” என்றான்.

அவன் பேச்சில் சூதுவாது எதுவும் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

என் பேரை ‘நம்ம வீட்டில்’ சேர்த்தான். அப்போதும் திறக்கவில்லை. ஒரு குரூப்பில் தடை இருந்தால், இன்னொன்றில் இருக்கும் அனுமதி செல்லாதாம்.

“அங்கேர்ந்து ஒன்ன எடுத்தாதான் தொறக்கும். மாமா தப்பா நெனைக்க மாட்டாரே?”

“எடு” என்றேன்.

அப்பா வந்தார். திட்டினார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் சிதம்பரம் வந்து செருப்பைக் கழற்றுகிறேன், கணவர் போனை நீட்டினார். திரையில் ‘மாமா வீட்டு’ ஆட்களின் பேர்கள்.

“இதுல ஒம் பேரக் காணுமே, ஏன்?” என்று கேட்டு, என் முகத்தையே பார்த்தார்.