டிபன் டப்பாவில் பல் செட்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் பல்லக்காதான். டாக்டர் அளவெடுத்து அனுப்புவார்; இவள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்து கொடுப்பாள்.

பொறுமைக்குப் பேர்போனவள் என்று நினைத்துவிட வேண்டாம். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் வீட்டுக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். ஆனால் தன் கையில் இல்லாத விஷயத்துக்குத் தொண்டைத் தண்ணீரை வற்றவைக்க மாட்டாள், அவ்வளவுதான்.

அன்று வியாழக்கிழமை. டிபன் டப்பாவில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, அதற்குள் ஒரு பல் செட்டைப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பல்லெல்லாம் வரிசையாக நிற்கிறது. ஈறு மட்டும் இன்னும் மெழுகு. பன்னிரண்டு மணிக்கு அடுத்த ஊரில் டாக்டர் அறையில் வைத்து அதை ஒரு டீச்சரம்மாவின் வாயில் பொருத்திப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் மெழுகை எடுத்துவிட்டு நிஜ ஈறு வார்க்க இரண்டு நாள் பிடிக்கும். டீச்சரம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் பயணம். மகளைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும், பொக்கை வாயோடு சம்பந்தி முன்னால் போய் நிற்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். இன்று தப்பினால் பல்லும் இல்லை, பயணமும் இல்லை.

பாதி வழியில் பஸ் முக்கி முனகி நின்றது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"பெல்ட் அறுந்துபோச்சு. டெப்போலேர்ந்து ஆள் வரணும்."

முன் சீட்டில் இருந்த இஸ்திரி கலையாத சட்டைக்காரர் துள்ளி எழுந்தார். "இதெல்லாம் ஒரு பஸ்ஸா? யாருகிட்ட புகார் பண்ணணும், சொல்லுய்யா!"

"என்கிட்டயே பண்ணுங்க சார். நானும் சும்மாதான் நிக்கிறேன்."

பல்லக்கா டாக்டருக்குப் போன் போட்டாள்.

"ஆட்டோ புடிச்சு வந்துடுங்களேன்," என்றார் அவர்.

"இந்த ரோட்டுல ஆட்டோல வந்தா பாதிப் பல்லு டப்பாவுல, பாதி என் மடியில கெடக்கும். நேரமாகும் டாக்டர். அம்மாவைச் சாப்பிட்டுட்டு உட்காரச் சொல்லுங்க."

"எதை வச்சு சாப்பிடுவாங்க?"

"நாலு மாசமா கரைச்சுத்தானே குடிக்கிறாங்க! இன்னிக்கும் ஒருவேளை குடிக்கட்டும்."

இறங்கிப் போய் ஒரு மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். டப்பாவுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். தண்ணீர் வெதுவெதுப்பாகத் தொடங்கியிருந்தது. பாட்டில் தண்ணீரோ அதைவிடச் சூடு. சுற்றிலும் கண்ணை ஓட்டினாள். சட்டைக்காரர் கையில் ஒரு ஃபிளாஸ்க்.

"சார், அதுல ஐஸ் தண்ணியா?"

"ஆமா. எனக்கு."

"குடிக்கக் கேக்கல. இதுல ஊத்தணும்." மூடியைத் திறந்து காட்டினாள்.

அவர் இரண்டடி பின்னால் போனார். "ஐயையோ! யாரோடதும்மா இது?"

"இன்னும் யாரோடதும் இல்ல. மெழுகு இளகிட்டா யாரோடதாவும் ஆகாது." டீச்சரம்மா கதையை நாலு வாக்கியத்தில் சொன்னாள்.

மனிதர் உடனே பாதி ஃபிளாஸ்க்கை ஊற்றினார். அதோடு விட்டாரா? பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தார். நடுவில் கண்டக்டரிடம் போய், "யோவ், அங்க பல்லு உருகுதுய்யா!" என்று கத்தினார். கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

"சார், சும்மா சும்மா மூடியைத் தொறந்தா வெக்கை உள்ள போகும். நீங்க குதிச்சா பெல்ட் பறந்து வருமா? மிச்சத் தண்ணியைப் பத்திரமா வச்சுக்கிட்டு உட்காருங்க. ஒரு மணிக்கு மாத்திக்கலாம்."

தனக்கும் ஒரு வேலை கிடைத்ததில் அவர் அடங்கி உட்கார்ந்தார். பல்லக்கா மரத்தில் சாய்ந்து கண்ணை மூடினாள். வீட்டில் இருந்திருந்தால் இந்நேரம் சாக்ஸைக் காணோம், சாவியைக் காணோம் என்று நாலு பேர் அவள் உயிரை வாங்கியிருப்பார்கள். இங்கே காற்று வந்தது. யாரும் எதையும் தேடித் தரச் சொல்லவில்லை. சொர்க்கம்.

இரண்டரைக்குப் பஸ் கிளம்பியது. மூன்றேகாலுக்கு டாக்டர் அறைக்குள் நுழைந்தாள். டீச்சரம்மா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது. பல்லில்லாத வாயில் வசவு காற்றாகத்தான் வந்தது, ஒன்றும் விளங்கவில்லை.

பல்லக்கா டப்பாவைத் திறந்தாள். முன்பற்கள் இரண்டும் நூலளவு சரிந்திருந்தன. சின்னக் கத்தியை விளக்குச் சுடரில் காட்டிச் சூடாக்கி, மெழுகைத் தொட்டு, பல்லை நிமிர்த்தி, மறுபடி குளிர்ந்த நீரில் முக்கினாள். பத்து நிமிஷ வேலை. டாக்டர் வாங்கி வாயில் பொருத்தினார்.

"ஏதாவது பேசுங்கம்மா. உச்சரிப்பு பாக்கணும்."

பேசச் சொன்னால் போதாதா? "மூணு மணி நேரம்! மனுஷியா, மரக்கட்டையா நான்? பஸ்ஸு நின்னா என்ன, நடந்து வர்றது! இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல ஒருநாள் லேட்டா போனதில்ல நான், தெரியுமா உனக்கு?"

பல்லக்கா எதிரே குந்தியிருந்து அந்த உதட்டையே பார்த்தாள். சொல்லெல்லாம் சுத்தமாக விழுந்தன. ஒரு சீட்டி இல்லை, ஒரு பிசிறு இல்லை.

"நல்லா வருதும்மா. இன்னும் கொஞ்சம் திட்டுங்க. கடைவாய்ப் பக்கம் அசையுதான்னு பாக்கணும்."

டீச்சரம்மா அடுத்த வசவுக்கு வாயைத் திறந்தவர், சிரித்துவிட்டார். நாலு மாசத்தில் முதல் தடவையாகக் கையால் வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தார். செட் இம்மியும் நகரவில்லை.

"சனிக்கிழமை சாயங்காலம் ரெடியா இருக்கும்மா," என்று சொல்லி, செட்டைக் கழற்றித் தரச் சொல்லிக் கையை நீட்டினாள் பல்லக்கா.