முன் சீட்டுக்காரர்

யுத்த காலத்தில், எருமப்பட்டியிலிருந்து நாமக்கல் போகும், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரி பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். நெற்றியில் சந்தனப் பொட்டு, தோளில் சரிகை அங்கவஸ்திரம். ஒவ்வொரு வார்த்தைக்கும் அதைத் தோள் மாற்றிப் போட்டுக்கொள்வார். முன் சீட்டில் இரண்டு பேர் இடத்தை அவர் ஒருவரே நிறைத்திருந்தார். பின்னால் நாங்கள் நெருக்கியடித்து நின்றோம்.

காய்ச்சல் கண்ட குழந்தையோடு ஒரு கூலிக்காரப் பெண் ஏறினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறனுங்க. கொஞ்சம் நவுந்து உக்காருங்க சாமி."

"இந்த சீட்டுல உக்கார ஒரு யோக்கியதை வேணும்" என்றார் அவர். அவள் அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

வழியில் ஒரு மேடு ஏறமாட்டாமல் பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அவளும் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு கை கொடுத்தாள்.

கண்டக்டர் அவரிடம் போய், "ஏனுங்க, நீங்களும் இறங்குனா நல்லாயிருக்குமுங்க" என்றார்.

"இதுக்கெல்லாம் நான் லாயக்கில்லைப்பா" என்றார் பெருமையாக.

"உடுங்கண்ணா" என்றாள் அவள், மூச்சு வாங்க. "லாயக்கில்லைன்னு அவரு வாயாலயே ஒத்துக்கிட்டாருங்களே!"

சிரித்த சிரிப்பில் பஸ்ஸே நகர்ந்துவிட்டது. நாமக்கல்லில் அவள் ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினாள். அவர் நிதானமாக இறங்கி, அவள் போன திசையைப் பார்த்து, "நம்ம தராதரம் தெரிஞ்ச பொண்ணு" என்று என்னிடம் மெச்சினார்.

அவர் காதில் என்னதான் விழுந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.