செந்துறை மழைக்கு நான்தான் பொறுப்பு

கூலிக்குக் களை வெட்டிய குடும்பத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அரியலூரில் சொந்தமாக மரப்பட்டறை போட்டேன். மாடி வீடு கட்டினேன். செந்துறை முதல் மீன்சுருட்டி வரை எத்தனையோ வீடுகளுக்கு நான் செய்த கதவுதான் காவல். ஒன்றுகூட ஐப்பசியில் இறுகிக்கொண்டதில்லை. இறுகியது என்று சொல்கிறவர்கள் பொறாமைக்காரர்கள். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது.

போன வாரம் பேத்தி திருச்சியில் ஏதோ ஓவியக் கண்காட்சிக்குப் போய், வழவழத் தாளில் ஒரு புத்தகம் வாங்கி வந்தாள். புரட்டினால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் அச்சடித்த படம்! காய்ந்த நிலம், ஒற்றைப் பனை, மேலே சாய்ந்து பெய்யும் மழை. பக்கத்தில் ஒரு படித்தவர், மண்ணின் தாகத்தையே மழைக்கோடாக மாற்றிய மேதை என்று உருகியிருக்கிறார். சிரித்ததில் எனக்குப் பல்செட் கழன்றுவிட்டது.

தாளில் மை வாசனை. மாஸ்டர் சட்டையிலும் அதுதான் அடிக்கும், கூடவே மண்ணெண்ணெய். எழுபதுகளின் கடைசி அது. அவருடைய பீரியடைக் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்வார். மிச்சம் கிடைத்த நேரத்தில், தேய்ந்த ரப்பர் செருப்பில் மரமும் மலையும் செதுக்கி அச்சடிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். வாசலில் விட்ட செருப்பைக் காணோம் என்றால் ஊர்க்காரர்கள் நேரே அவர் வகுப்புக்குத்தான் போவார்கள்.

தனக்குச் செதுக்கப் பலகை கேட்டு என் பட்டறைக்கு வருவார். கதவுக்கு அறுத்துப்போக மிஞ்சிய தேக்கைக் கொடுப்பேன். அதில் புஞ்சைக் காட்டைச் செதுக்கி, மை உருட்டி, தாளை வைத்து அழுத்துவார். மேடு கறுப்பாக விழும், வெட்டிய பள்ளம் வெள்ளையாக நிற்கும். தாளைக் கரண்டியால் தேய்த்துக்கொண்டிருந்தார் மனுஷன். பார்க்கச் சகிக்காமல், திருமானூரில் கழித்துப்போட்ட கரும்பாலை உருளைகளை வைத்து அச்சு மிஷின் செய்து கொடுத்தேன். முதல் தாள் கரும்புச் சக்கையாக வெளியே வந்தது உண்மைதான். பிறகு சரிசெய்தேன்.

ஒரு சித்திரையில், மெட்ராஸ் போட்டிக்குப் படம் போக வேண்டிய நாள். செந்துறைக் காட்டையும் பனையையும் செதுக்கி முடித்துவிட்டார், வானம் பாக்கி. கை வீங்கிப்போய் என்னிடம் வந்தார்.

"வானத்தைச் சுத்தமா வழிச்சுக் குடுப்பா. ஒரு பொட்டு மேகம் இருக்கக் கூடாது."

"இதென்ன சார் பெரிய வேலை? நெலைக்கதவே செதுக்குறவன் நான்!"

காலையில் ஆணியில் பட்டு என் பட்டை உளியின் வாய் அங்கங்கே பொக்கை விழுந்திருந்தது. பேச்சு மும்முரத்தில் அதைப் பார்க்கவில்லை. பொக்கை போன வழியெல்லாம் மெல்லிய வரப்பாக மரம் நின்றுவிட்டது. நல்ல தாள் ஒன்றே ஒன்றுதான் கைவசம். அதில் அடித்துத் தூக்கினால் வானம் பூராவும் சாய்ந்த கோடுகள்.

"அடப்பாவி! சித்திரையில செந்துறையில மழை பேஞ்சு எவன்யா பாத்தான்?"

"வுடுங்க சார். மெட்ராஸ்காரனுக்குச் செந்துறையே தெரியாது."

வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினார். பரிசு கிடைத்தது. வாங்கிக்கொண்டு நேரே பட்டறைக்கு வந்தார்.

"எல்லாரும் மழையப் பத்தித்தாம்ப்பா கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சிரிச்சு வச்சேன்."

என் பெயரைச் சொல்லியிருக்கலாம். அதை நான் கேட்பதற்குள், "அந்த உளியக் குடு" என்றார்.

"அன்னைக்கே தீட்டிட்டேனே சார்."

தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "எவனாச்சும் அதைப் போய்த் தீட்டுவானா?"

அப்புறம் அவரே மழை போட்டுப் பார்த்தார். எண்ணெய் தேய்த்துச் சீப்பால் வாரிய தலை மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு புது உளியை நானே அரத்தால் ராவிப் பொக்கையாக்கி, அவர் பலகைகளில் மழை போட்டுக்கொடுத்தேன். கொள்ளிடத்தில் பெய்வதும் பெரம்பலூர்ப் பாறையில் பெய்வதும் என் மழைதான்.

இப்போது மாஸ்டர் இல்லை. மிஷின் பழைய இரும்புக்குப் போனது. பலகைகள் அடுப்புக்குப் போயின. அந்தக் காடும் சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளமாகக் கிடக்கிறது. சாட்சிக்கு ஆளில்லை என்பதற்காக விட்டுக்கொடுக்கிற ஆள் நானில்லை. நிலமும் பனையும் அவருடையவை. அதில் ஒரு புல்லைக்கூட நான் கேட்கவில்லை. அடுத்த புத்தகத்தில், அவர் பெயருக்குக் கீழே 'மழை' என்று போட்டு, எதிரில் என் பெயரை எழுதுங்கள். பொடி எழுத்தெல்லாம் வேண்டாம்.