பனையடியில் சொல்ல வேண்டிய பெயர்

என் பெயர் நமசிவாயம், சுப்பிரமணியம் மகன். வட்ட அலுவலகத்தில் உங்களோடு பணிபுரிபவன். சென்ற மாதம் மறைந்த நம் அலுவலக எழுத்தர் சேசடிமையைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். அறிந்தவர்களிடமே பெயரும் வந்த காரியமும் சொல்லித் தொடங்குவது விந்தையாகத் தோன்றலாம். அவர் ஊரில் அதுதான் முறை.

அவர் இறந்த செய்தியும் அப்படித்தான் வந்தது. முற்பகலில் அலுவலக வாயிலுக்கு வெளியே ஒருவர் நின்று, "அந்தோணி மகன் பவுல் வந்திருக்கேன். ஒரு சேதி சொல்லணும்" என்று உரக்கச் சொல்லிவிட்டு அசையாமல் நின்றார்.

"உள்ள வந்து சொல்லும் வே. இங்கன என்ன ஏலமா விடுதாவ?" என்று நம் சேவகர் கேலி செய்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் எந்த ஊர் என்பதும், பதில் கிடைக்காமல் உள்ளே வரமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

எழுபத்தொன்றாம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சேசடிமையின் ஊரான அந்தக் குடியிருப்புக்கு முதலில் நான் தனியாகப் போனேன். காயல்பட்டினத்துக்கு வடக்கே, தேரியின் செம்மணல் கடலைத் தொடும் இடத்தில் பதினொரு வீடுகள். சங்கு குளிப்பவர்கள், வலைகாரர்கள். நான் போனது உச்சிவேளை. பள்ளிவாசலின் பாங்கு காற்றில் தெளிவாகக் கேட்டது. சாலையில் பேருந்து ஊதுவதும் கேட்டது. கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. ஓர் அம்மியில் அரைத்த மிளகாயின் ஈரம் காயவில்லை. ஓர் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. வீடு வீடாக நின்று கூப்பிட்டேன். நாய்கூடக் குரைக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோது, உலை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைக்கப்பட்டிருந்தது.

அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை. விதிப்படி, கண்ணால் கண்டதை எழுதினேன்: வீடுகள் பதினொன்று, ஆட்கள் இல்லை.

அந்தத் தாளைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டிய சேசடிமை மறுத்துவிட்டார்.

"அங்கன போயி என்ன சொன்னிய அண்ணாச்சி?"

"யாரு இருக்கியன்னு கேட்டேன்."

"நீங்க யாருன்னு சொன்னியளா?"

மறுநாள் என்னை அவரே அழைத்துச் சென்றார். ஊரெல்லையில் ஒற்றைப் பனை ஒன்று உண்டு. அதனடியில் நின்று, "மிக்கேல் மகன் சேசடிமை. கூட எங்க ஆபீசரு, சுப்பிரமணியம் மகன் நமசிவாயம். ஆள் கணக்கெடுக்க வந்திருக்கோம்" என்றார். காத்திருந்தோம். நெடுநேரம் கழித்து ஒரு பெண்குரல், "வாங்க" என்றது. உடனே ஒவ்வொரு வாசலிலிருந்தும் மனிதர்கள் வந்தார்கள். முப்பத்தெட்டுப் பேர். முந்தைய நாளும் அவர்கள் அங்கேதான் இருந்திருக்கிறார்கள்.

உலைக்கு உரிய லூர்தம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கதவுக்குப் பின்னாலதான் இருந்தேன். கண்ணாடியத் தொடச்சிய, தொடச்சிய, தொடச்சுக்கிட்டே நின்னிய. சோறு கொழஞ்சிருமேன்னு ஒலைய எறக்குனேன்."

"ஒரு பதில் சொல்லியிருக்கலாமே அம்மா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "பேரு சொல்லாத கொரலுக்கு எப்படிச் சொல்ல? கடல்லயோ வெளியூருலயோ செத்தவனும் உச்சி வெயில்ல வந்து யாரு இருக்கியன்னுதான் கேப்பான். செத்தவனுக்குத் தம் பேரு நாக்குல நிக்காது. உசுரோட இருக்கிற ஒருத்தன் பனையடியில நின்னு அவன் பேரச் சொல்லணும். அப்பத்தான் அவன் வீட்டுக்கு வருவான்."

அதே வாரம், சாலை போட வேண்டிய ஒதுக்குப்புறக் குடியிருப்புகளின் பட்டியலையும் நான் முடிக்க வேண்டியிருந்தது. பேருந்துச் சாலையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் ஒதுக்குப்புறம் என்பது விதி. சங்கிலி பிடித்து அளந்தேன், நாலரை. ஆகவே சேர்க்கவில்லை. சேசடிமை கோபப்படவில்லை.

"பஸ்சு ஊதுறது நமக்குக் கேக்கு அண்ணாச்சி. நாம கூப்பிடுறது பஸ்சுக்குக் கேக்குமா? கேக்காதுல்லா. அம்புட்டுத்தான் பட்டிக்காடு."

பிறகு சாலை கேட்டு ஏழு முறை அவர் மனு எழுதினார். ஏழு முறையும் அதே அளவைக் குறித்துத் திருப்பினேன். திருப்பிய நாட்களிலும் எனக்குத் தேநீர் வாங்கித் தருவதை அவர் விட்டதில்லை.

விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது அவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. வண்டி வர வழியில்லை. கட்டிலோடு நான்கு பேர் தூக்கிக்கொண்டு, கால் புதையும் மணலில் நடந்திருக்கிறார்கள். பவுலும் அவர்களில் ஒருவர். "பாதி வழியில பஸ்சு ஊதுச்சு. 'நிக்கச் சொல்லுங்கலே'ன்னாரு. நாங்களும் தொண்டை கிழியக் கூப்பிட்டோம். அதுக்கப்புறம் அவரு பேசல." அடுத்த வண்டியில் நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அடக்கமும் நகரத்திலேயே ஆயிற்று. மறுபடி அவரைச் சுமந்து அந்த மணலைக் கடக்க யாருக்கும் தெம்பில்லை.

இனி வருவதை உங்களிடம் சொல்லலாமா என்று மூன்று நாள் தயங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உச்சிவேளையில், என் வீட்டு வாசலில், "அண்ணாச்சி" என்று ஒரு குரல் கேட்கிறது. முதல் முறை எழுந்து போய்ப் பார்த்தேன். வாயிற்கதவின் கொண்டி போட்டபடி இருந்தது. இரண்டாம் முறை உள்ளிருந்தே, "யாரு? பேரச் சொல்லும்" என்றேன். பதில் இல்லை. திரும்பிப் போகும் காலடி ஓசையும் இல்லை. மூன்றாம் முறை என் மனைவிக்கும் கேட்டது. அவள் உலையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அவரிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பவை அந்த ஏழு மனுக்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் என் கையெழுத்தில் 'நாலரை' என்று இருக்கிறது. அளவு சரிதான். அதன் கீழே, அந்தக் கட்டில் மணலைக் கடக்க எடுத்த நேரத்தைப் பவுலிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். நாளை ஏழையும் என் பரிந்துரையுடன் மேலிடத்துக்கு அனுப்புகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, உச்சிக்கு முன் அந்தப் பனையடியில் நிற்பேன். என் பெயரைச் சொல்வேன். என் தந்தையின் பெயரைச் சொல்வேன். மிக்கேல் மகன் சேசடிமையைக் கூட்டி வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, பதில் வரும்வரை காத்திருப்பேன்.