பகலில் அருந்ததி தெரியாத மாப்பிள்ளை

பால்காரர் ஊற்றுகிற பாலைக் கண்ணாடி டம்ளரில் விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் அடுப்பில் வைப்பேன். அப்படிப்பட்டவள் மகளுக்குச் சம்பந்தம் பேசும்போது எவ்வளவு குடைந்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பையன் உல்லாஸ்நகரில் ஜீன்ஸ் தைக்கிற பட்டறையில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர். சம்பளம், பழக்கவழக்கம், பங்காளிச் சண்டை எல்லாம் விசாரித்தேன். கண்ணை மட்டும் விசாரிக்காமல் விட்டுவிட்டேன்.

கல்யாணம் மாட்டுங்காவில். தாலி கட்டி அம்மி மிதித்ததும் ஐயர் இரண்டு பேரையும் மண்டபத்து வாசலுக்குக் கூட்டிவந்து வானத்தைக் காட்டினார். "அருந்ததி தெரியறதா?" காலை வெயிலில் எந்த நட்சத்திரம் தெரியும்? நல்ல இருட்டிலேயே அது வசிட்டர் பக்கத்தில் மங்கலாக ஒட்டிக்கொண்டிருக்கிற சின்னப் புள்ளி. ஆனாலும் தெரியுது என்று சொல்லிவிட்டு உள்ளே போவதுதான் வழக்கம். என் கல்யாணத்தில் நானும் அப்படித்தான் சொன்னேன். என் மகளும் தலையை முழுசாக நிமிர்த்தாமலே "தெரியுது" என்றாள். மாப்பிள்ளை மட்டும் நெற்றியில் கையை வைத்து வெகுநேரம் தேடிவிட்டு, "தெரியலையே" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் திக்கென்றது. கண் நன்றாக இருக்கிறவன், யாருக்கும்தான் தெரியாது என்று பேசாமல் தலையாட்டுவான். கண்ணில் கோளாறு இருக்கிறவனுக்குத்தான், நமக்கு மட்டும் தெரியவில்லையோ என்று பயம் வரும். துணியோடு விரலையும் வெட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டால் என் பிள்ளையின் கதி என்ன?

அதற்குப் பிறகு போனில் தினமும் துருவினேன். "மாப்பிள்ளைக்குக் கண்ணு நல்லா தெரியுதாட்டி?"

"தெரியுதும்மா. நான் நல்லா இருக்கேன். நீ சாப்பிட்டியா?"

எனக்கு மனசு ஆறவில்லை. தை மாதம் ஒருநாள், லேபர் கேம்ப்பில் இருக்கிற என் வீட்டிலிருந்து நானே ரயிலேறிப் போனேன். அன்றைக்கு உல்லாஸ்நகரில் மத்தியானத்திலிருந்தே கரண்டு இல்லை. பட்டறையைச் சீக்கிரம் மூடிவிட்டதால் மாப்பிள்ளையும் வீட்டில்தான் இருந்தார். வீட்டுக்குள் இருட்டாக இருந்ததால் பொழுது சாய்ந்ததும் மூன்று பேரும் மொட்டைமாடிக்கு ஏறினோம். தெருவெல்லாம் இருட்டு. அண்ணாந்தால் உச்சியில் கார்த்திகைக் கூட்டம். இதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்க்காது.

"கார்த்திகையில எத்தனை தெரியுதுன்னு சொல்லுங்க பாப்போம்," என்றேன், விளையாட்டாகக் கேட்கிற மாதிரி.

"ஆறு," என்றாள் மகள். கொடியில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். வானத்தின் பக்கம் திரும்பவேயில்லை.

மாப்பிள்ளை கழுத்து வலிக்கிற அளவுக்குப் பார்த்தார். "நாலுதான் பளிச்சுன்னு தெரியுது அத்தை. இன்னொண்ணு இருக்கு. நேராப் பாத்தா மறைஞ்சிருது, கொஞ்சம் தள்ளிப் பாத்தா வருது."

நானும் பார்த்தேன். விரலால் தேய்த்துவிட்ட திருநீறு மாதிரி ஒரு தீற்றல், அவ்வளவுதான். இந்த மனுஷனுடைய கண்ணைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் சந்தேகம் என்னைவிட்டுப் போய்விடவில்லை, இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. பார்க்காமலே ஆறு என்றாளே, அதே வேகத்தில்தானே தினமும் நல்லா இருக்கேன் என்கிறாள்.

மெழுகுவத்தி ஏற்றிவைக்க அவள் கீழே இறங்கியதும் கேட்டேன். "மாப்பிள்ளை, அவ இங்க நல்லா இருக்காளா?"

நட்சத்திரத்துக்கு எடுத்துக்கொண்ட அளவு நேரம் இதற்கும் எடுத்துக்கொண்டார்.

"இல்ல அத்தை. நான் பொழுதுக்கும் பட்டறையில கெடக்கேன். பக்கத்துல எல்லாம் சிந்தி பேசுதவங்க, பேச்சுத் துணைக்கு ஆளில்ல. உங்ககிட்ட பேசி போனை வச்சதும் அழுவா. கேட்டா தூசி விழுந்துட்டுன்னு சொல்லுதா."

கரண்டு வந்தது. தெருவிளக்குகள் எரிந்ததும் தீற்றலும் காணாமல் போய்விட்டது. மகள் டீயோடு மேலே வந்தாள்.

"என்னட்டி, இங்க உனக்குக் கஷ்டமா இருக்கா?"

"சேச்சே. நல்லாத்தான இருக்கேன்," என்றாள், உடனே.

டீயைக் குடித்துவிட்டு ரயில் பிடிக்கலாம் என்றுதான் வந்திருந்தேன். அன்றைக்கு நான் போகவில்லை.