நாலாவது குடும்பம்

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் காமினி எனக்கு எதிர்வீட்டுக்காரி. கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வேலை. விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளும் கணவன் லோகேஸ்வரனும் படுப்பது கூடத்தில், ஒரு திரைச்சீலைக்குப் பின்னால். இருக்கிற இரண்டு அறைகளிலும் அவனுடைய இரண்டு அண்ணன்களும் மனைவி மக்களோடு இருக்கிறார்கள். மாமியார் மீனாட்சி சமையலறை வாசலில் பாய் விரிப்பார். காமினியின் மகள் வீட்டுப்பாடம் எழுதுவது இஸ்திரிப் பலகையில். யாராவது சட்டை தேய்க்க வந்தால் பிள்ளை புத்தகத்தை வாரிக்கொண்டு எழுந்துவிட வேண்டும்.

சாத்திக்கொள்ளக் கதவுள்ள வீடு ஒன்று வேண்டும், அதுவும் ஜெலுத்தோங்கிலேயே வேண்டும் என்பதுதான் காமினியின் ஆசை. வேறெங்காவது போனால் மகளை யார் பார்த்துக்கொள்வது? இப்போது பார்த்துக்கொள்வது மாமியார்தான். அந்த அம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்றாலும் மனசு தங்கம்.

எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் பழைய பட்டறை இருந்த இடம் காலியாகக் கிடந்தது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் எவ்வளவு மலிவு விலை வீடு தேவை என்று மாநிலம் சொல்லும். அதற்கு எங்கே நிலம் ஒதுக்குவது என்பதை நகரத் திட்டத்தில் வரைந்து காட்ட வேண்டும். அந்தத் திட்டத்தின் வரைவை மக்கள் பார்வைக்கு வைத்தபோது காமினி லீவு போட்டுவிட்டு ஓடினாள். வரைபடத்தில் பட்டறை இடம் கார் நிறுத்துமிடமாக இருந்தது. வீடுகளெல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம், எங்கோ தூரத்தில்.

அங்கிருந்த அதிகாரி ஷாருல் மரியாதையாகத்தான் மலாயில் விளக்கினார். உங்கள் பகுதியில் வீடு வீடாகப் போய்க் கேட்டோம், ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், அப்படியானால் அங்கே புதிய வீட்டுக்குத் தேவை இல்லையே என்றார்.

காமினிக்கு அப்போதுதான் புரிந்தது. அவர்கள் கணக்கெடுக்க வந்த அன்று வாசலில் நின்று பதில் சொன்னது மீனாட்சிதான். எத்தனை கெலுவார்கா, அதாவது எத்தனை குடும்பம் என்று கேட்டிருக்கிறார்கள்.

"ஒரே கெலுவார்கா! மூனு மருமக, ஒரே சமையல். நாங்க பிரியவே மாட்டோம்லா!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி, மைலோவும் கலக்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

மேல்வீடு, கீழ்வீடு எங்கும் இதே கதைதான். நம் ஆட்களிடம் போய் எத்தனை குடும்பம் என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்? இரண்டு என்று சொன்னால் வீட்டில் சண்டை, குடும்பம் உடைந்துவிட்டது என்றல்லவா அர்த்தம்? இந்த வறட்டுப் பெருமையால், கால் நீட்ட இடமில்லாத நாங்கள் அத்தனை பேரும் குறையே இல்லாத சீமான்களாகிவிட்டோம். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

திட்டத்துக்கு ஆட்சேபம் சொல்ல ஒரு கூட்டம் வைப்பார்கள். காமினி பேசுவதற்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.

"சபையில போயி மூனு குடும்பம்னு சொல்லப் போறியா? அம்மா மனசு ஒடஞ்சிடும். வேணாம்லா," என்றான் லோகேஸ்வரன்.

"சொல்லலன்னா பிள்ளைக்குக் கல்யாணம் ஆவற வரைக்கும் நமக்கு இந்தத் திரைதான். நீங்க பேசுறீங்களா, நான் பேசட்டுமா?"

அவன் திரையை இழுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

கூட்டத்துக்கு மீனாட்சியும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தார். மருமகள் சாக்கடை அடைப்பைப் பற்றிப் பேசப் போகிறாள் என்று நினைத்து, முன்வரிசையில் பெருமையாக உட்கார்ந்துகொண்டார்.

காமினி மைக்கைப் பிடித்தாள். முதலில் அதிகாரிகளுக்காக மலாயில் சொன்னாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

"எங்க வீட்டுல மூனு குடும்பம் இருக்கு. நாங்க சண்ட போடல, பிரியல. படுக்க எடம் இல்ல. அதத்தான் சொல்ல வந்தேன்."

எல்லோரும் மீனாட்சியைப் பார்த்தார்கள். அவர் மெதுவாக எழுந்தார்.

"பொய்!" என்றார்.

காமினி மைக்கைக் கீழே இறக்கினாள்.

"மூனு இல்ல, நாலு! நானும் ஒரு குடும்பந்தான். என் வீட்டுக்காரர் போனதுலேருந்து அடுப்படி வாசல்ல சுருண்டு கெடக்கேன். யாராச்சும் தண்ணி குடிக்க வந்தா என்னைத் தாண்டித்தான் போறாங்க. எனக்கும் ஒரு ரூம் வேணும்லா! எழுதிக்குங்க தம்பி, நாலு!"

அப்புறம் யார் எங்களைப் பிடிப்பது? "எங்க வீட்டுல ரெண்டு!" என்று ஒருவர் எழுந்தார். "எங்க வீட்டுலயும் மூனு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நானும் எழுந்து கத்தினேன். என் மாமியார் முறைத்தார். முறைக்கட்டும் என்று இன்னொரு தரம் கத்தினேன். பக்கத்தில் இருந்தவர் மலாயில் சொல்லச் சொல்ல, மேடையில் ஷாருல் தலைநிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

மறுபடியும் வீடு வீடாக வந்தார்கள். இந்த முறை குடும்பம் எத்தனை என்று கேட்கவில்லை. கல்யாணமானவர்கள் எத்தனை ஜோடி, யார் எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். கேட்க வேண்டியதைக் கேட்டால் பதிலும் சரியாகத்தானே வரும்! திட்டம் முடிவானபோது பட்டறை இடத்தில் கார் நிறுத்துமிடம் இல்லை. மலிவு விலை வீடுகள் இருந்தன. தனியாக இருக்கும் பெரியவர்களுக்கென்று சின்ன வீடுகளும் இருந்தன. அன்று மீனாட்சி கேசரி கிண்டி மாடி மாடியாக ஏறிக் கொடுத்தார். நாங்கள் ஜெயித்துவிட்டோம். அந்தக் கேசரியைப் போல இனிப்பான கேசரியை நான் சாப்பிட்டதில்லை.

கட்டடம் எழும்பி வீட்டுக்குப் பதியும் நாளும் வந்தது. வரிசையில் காமினி நின்றாள், அவளுக்கு அடுத்து மாமியார், அவருக்கு அடுத்து நான். மேசையில் இருந்தவன் நம் தமிழ்ப் பையன். காமினியின் விவரங்களைப் பதிந்துவிட்டு மீனாட்சியை நிமிர்ந்து பார்த்தான்.

"இவுங்க உங்க குடும்பமா அக்கா?"

"எங்க அத்த. ஆனா குடும்பம் வேற," என்றாள் காமினி. சொல்லிவிட்டு மாமியாரின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.