கணக்கு வாத்தியாரின் ஓட்டு

என் வீட்டுக்காரர் கரீபியன் கடலில் ஒரு குட்டித் தீவு நாட்டில் கணக்கு வாத்தியார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊரில் அந்தத் தீவின் பெயர் யார் வாயிலும் நுழையாது. கிரிக்கெட் ஆடுவார்களே, அந்தப் பக்கம் என்றால் தலையாட்டுவார்கள். அவர் அங்கே வகுத்தல் சொல்லிக்கொடுக்க, நான் இங்கே ஆறு மா வயலோடும் பம்புசெட்டோடும் ஏழு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஆடியோடு ஒப்பந்தம் முடிகிறது, இனி நீட்டிக்க மாட்டேன், சம்பா நடவுக்கு வந்துவிடுவேன் என்று சத்தியம் செய்திருந்தார். நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, கட்டிக்கொண்டாயிற்றே.

அதற்குள் அங்கே நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. காமன்வெல்த் நாட்டுக்காரர் என்பதால் இந்தியர்கூடச் சில வருடம் அங்கே குடியிருந்தால் ஓட்டுப் போடலாமாம். இங்கே பட்டியலில் தன் பேர் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காத மகானுக்கு அங்கே ஓட்டு! இரண்டு கட்சியும் சரிக்குச் சரி. தொகுதியே நம் ஊராட்சி அளவுதான் என்பதால் வேட்பாளர்களே வீடு வீடாக ஏறி இறங்கினார்கள்.

எங்கள் தெருவில் எந்தக் கட்சி வந்தாலும் ஆரத்தி உண்டு, “உங்களுக்குத்தாங்க” என்ற வார்த்தையும் உண்டு. ஐந்து பேர் வந்தால் ஐந்து ஆரத்தி. அதை நம்புகிற வேட்பாளர் இன்னும் பிறக்கவில்லை. அந்தத் தீவிலோ, பாவம், சொன்னால் சொன்னதுதான். இவர் இரண்டு வேட்பாளருக்கும் காபி கொடுத்து, சால்வை போர்த்தி, உங்களுக்குத்தான் என்று வழியனுப்பியிருக்கிறார். இருவரும் இவர் பெயரைத் தங்கள் நோட்டில் குறித்துக்கொண்டு போனார்களாம்.

வாக்குச்சாவடிக்குள் நுழைந்ததும் இவருக்கு மனசாட்சி விழித்துக்கொண்டது. யாருக்குக் கொடுத்த வாக்கை மீறுவது? சீட்டில் இரண்டு பேருக்கும் குறி போட்டுவிட்டு வந்துவிட்டார். செல்லாத ஓட்டு. ஒன்றுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்த கணக்கு வாத்தியார்! இதை என்னிடம் பெருமையாக வேறு சொன்னார்.

இரண்டு முறை எண்ணி, கடைசியில் ஒருவர் ஒரே ஓட்டில் ஜெயித்தார். அந்தத் தொகுதியால் ஆட்சியே அவர் கட்சிக்குப் போனது. அந்த ஒரு ஓட்டு இந்திய வாத்தியாருடையது என்று ஜெயித்தவரே முடிவுகட்டிவிட்டார். கல்வி மந்திரியும் அவரேதான் ஆனார். ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டி, கடிதத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாராம் நன்றி சொல்ல.

இதைச் சொல்ல இவர் போன் செய்தபோது நான் விதைநெல் ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன்.

“வேணாம்னு சொல்லிட்டீங்களா?” என்றேன்.

“வீடு தேடி வந்த மனுஷன்கிட்ட மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது?”

“எங்கிட்ட வர முடியாதுன்னு சொல்றது மட்டும் சுலபமா இருக்கா?”

“உங்கிட்ட எப்ப முடியாதுன்னு சொன்னேன்? வர்றேன்னுதானே சொல்லியிருக்கேன்.”

உண்மைதான். போன ஒப்பந்தம் முடிந்தபோதும் வருகிறேன் என்றுதான் சொன்னார். அதற்கு முந்தியது முடிந்தபோதும்.